வாடகைப் பேரமும் தமிழ்ச் சிறுகதையும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மாந்தன் உயிர்வாழ்வதற்கு இன்றியமையாதவை என்பர். இவற்றுள் பசியைப் பற்றித் தமிழ்ப் புனைகதை நிரம்பப் பேசியிருக்கிறது. உடையைப் பற்றித் தீபாவளிக் கதைகள் ஆண்டுதோறும் பேசிவருகின்றன. உறையுளைப் பற்றியும் பேசாமலில்லை. ஆயின், உறையுளைத் தேடிச் செல்லும் ஒருவன் பிறர் வீட்டு வாயிலில் நின்று வாடகையைக் கேட்டறிந்து, அதனைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுமாறு பேசும் அந்தச் சில நிமிடங்களை மட்டும் தமிழ்ச் சிறுகதை விரைந்து கடந்துவிடுகிறது.

அந்தச் சில நிமிடங்கள் எளியவை அல்ல. மாத வருவாயில் வீட்டுக்கு எவ்வளவு போகும், வயிற்றுக்கு எவ்வளவு எஞ்சும் என்பது அப்போது முடிவாகிறது. பிள்ளையின் பேருந்துக் கட்டணமும் முதியவளின் மருந்துச் செலவும் அந்தப் பேச்சின் முடிவைப் பொறுத்தவை. இரண்டு மாந்தர், ஒரு தொகை, ஒரு வெற்று வீடு - சிறுகதைக்கு இதைவிடப் பொருத்தமான களம் வேறு எது? அப்படியிருந்தும் அக்களம் தரிசாகவே கிடக்கிறது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகளைத் தொடர்ந்து படித்துவருவோர்க்கு ஒரு காட்சி மனப்பாடமாகியிருக்கும். கதைத்தலைவன் வெயிலில் நடந்து வருகிறான். வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவர் வயிறு பருத்திருக்கும். கழுத்தில் தடித்த சங்கிலி தொங்கும். அவர் வாடகையைச் சொல்கிறார். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க, ஐயா" என்கிறான் தலைவன். "அதெல்லாம் முடியாது, வேறே இடம் பாரு" என்கிறார் அவர். தலைவன் தலைகுனிந்து திரும்புகிறான். கதையும் அவனோடு திரும்பிவிடுகிறது. இதற்கு மாறான மற்றொரு வகையும் உண்டு. அதில் தலைவன் தலைகுனிவதில்லை; ஏழையின் கண்ணீர் கூரிய வாள் என்று ஒரு பக்கம் முழங்கிவிட்டு வெளியேறுகிறான். வாசகன் கைதட்டக்கூடும். ஆனால் அன்றிரவு அவன் குடும்பம் எங்கே உறங்கியது என்று கதை சொல்வதில்லை.

இவ்விரு வகைக் கதைகளிலும் பேரம் என்பதே நிகழவில்லை. முதலாவதில் இரத்தல் நிகழ்கிறது. இரண்டாவதில் சாபம் நிகழ்கிறது. இரத்தலுக்கும் சாபத்திற்கும் இடையில் பேசுதல் என்று ஒன்று இருக்கிறது. அதனைப் புனைகதை ஏன் தவறவிட்டது என்பதே ஆராயத்தக்கது.

அடைக்கலமும் வாணிகமும்

தமிழ் மரபில் பிறர்க்கு வீடு தருதல் என்பது விலைப்பொருளாக அன்றி அறச்செயலாகவே முதலில் காட்சி தருகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைப் புறஞ்சேரியை அடைந்தபோது, கவுந்தியடிகள் அவர்களை ஆயர்மகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அங்கே வாடகைப் பேச்சு எழவில்லை. மாதரி தன் இருப்பிடத்தைத் தந்தாள்; சமைப்பதற்குக் கலங்களைத் தந்தாள்; துணைக்கு மகள் ஐயையையும் தந்தாள். ஈற்றில், தன்னிடம் ஒப்படைக்கப்பட்டோரைக் காக்கத் தவறினோமே என்று தீயில் புகுந்து உயிரையும் தந்தாள். அடைக்கலம் என்ற சொல்லின் கனம் அத்தகையது.

வாணிகம் பற்றியும் தமிழ் மரபு பேசியிருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை நடுவுநிலை பிறழாத நெஞ்சினர் என்று போற்றுகிறது. கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமலும் இருந்தமையே அவர்தம் பெருமை. விலையை வெளிப்படையாகச் சொல்லிப் பேசி முடித்தல் இழிவன்று, அறத்தோடு பொருந்துவதே என்பது இதனால் பெறப்படும்.

வாடகை வீடு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அது வீடாக இருப்பதால் அடைக்கலத்தின் நினைவை எழுப்புகிறது. காசுக்குக் கிடைப்பதால் வாணிகத்தின் முறையைக் கோருகிறது. தேடி வருபவன் மாதரியை எதிர்பார்த்து வருகிறான். வாயிலில் வணிகரைக் காண்கிறான். அவனுடைய ஏமாற்றத்தின் வேர் இதுவே. தமிழ்க் கதையாசிரியரும் அவனோடு சேர்ந்து ஏமாறுகின்றனர். மாதரியாக இல்லாத வீட்டுக்காரர் அனைவரையும் கொடியவராகத் தீட்டிவிடுகின்றனர்.

லயத்திலிருந்து வாடகை வீட்டிற்கு

இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் இவ்வேமாற்றத்திற்குத் தனியானதொரு காரணமும் உண்டு. தோட்டத்தில் வாழ்ந்த தமிழன் வீட்டுக்கு வாடகை பேசியவன் அல்லன். பால்வெட்டுக்குப் பெயர் பதிந்த அன்றே லயத்தில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. எந்த அறை என்பதைக் கிராணியார் சொன்னார். கூரை ஒழுகினால் அவரிடமே முறையிடப்பட்டது. வீடு வேலையின் ஒரு பகுதி. வேலை போனால் வீடும் போகும். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும், சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாழ்ந்தோர் நிலையும் ஏறக்குறைய இதுவே.

1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அந்த வீடுகளும் அவர்கள் காலடியிலிருந்து நழுவின. அத்துயரைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் பெருந்தொகையினர் பட்டணங்களை நாடி வந்தனர். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியபோது, தளத்தை நம்பி வாழ்ந்தோர்க்கும் அந்நிலையே நேர்ந்தது. இவ்வாறு வந்தோர் பலர் வாழ்வில் முதன்முறையாக ஒரு கதவைத் தட்டி, "இங்கே வீடு விடுவாங்களா?" என்று கேட்டனர்.

அப்போது அவர்கள் நாவில் வந்த மொழி எது? கிராணியாரிடமும் துரையிடமும் பேசிப் பழகிய மொழியே வந்தது. "பார்த்துச் செய்யுங்க" என்னும் தொடரை நோக்குக. யார் பார்க்க வேண்டும்? அவர். எவ்வளவு செய்ய வேண்டும்? அதுவும் அவர் விருப்பம். கேட்பவன் தன் தொகையைச் சொல்லவில்லை. தான் என்ன தருவான் என்றும் சொல்லவில்லை. முடிவு முழுவதையும் எதிரில் இருப்பவர் கையில் வைத்துவிட்டுக் காத்து நிற்கிறான். இஃது ஒரு தலைமுறையின் வரலாறு முழுவதையும் தன்னுள் அடக்கிய தொடர். இத்தொடரைக் கதைதோறும் எழுதிய ஆசிரியர்கள், அதனுள் என்ன இருக்கிறது என்று ஒருமுறையேனும் நின்று நோக்கியிருப்பின், தமிழ்ச் சிறுகதைக்கு அரியதோர் ஆக்கம் கிடைத்திருக்கும்.

கட்டுப்பாடும் தேநீர்க் காசும்

பேரம் கதைகளில் மறைந்து போனமைக்குச் சட்டமும் ஒரு காரணம் எனலாம். சிங்கப்பூரில் 1947-இல் இயற்றப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் குடியிருப்போரைக் காத்தது. அது 2001-இல் நீக்கப்பட்டது. மலேசியாவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தியது. 1997-இல் அதனை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டு, இடைக்காலம் முடிந்து 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாக அகன்றது. பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் வாழ்ந்தோர் பலர் அதன்பின் வெளியேற நேர்ந்தது.

கட்டுப்பாடு இருந்த காலத்தில் வாடகையைக் குறைக்கச் சொல்லி எவரும் பேச வேண்டியதில்லை. அது முன்பே குறைவு. ஆயின் பேரம் அழிந்துவிடவில்லை. வேறோர் உருவம் கொண்டது. வீட்டுக்குள் நுழைவதற்குக் கொடுக்கும் ‘தேநீர்க் காசு’ பற்றிய பேச்சாக அது மாறியது. சீட்டில் எழுதப்படாத அத்தொகையே உண்மையான விலையாயிற்று. ஓரிடத்தில் அடைத்த நீர் மற்றோரிடத்தில் கசிவது இயல்பு. ஏட்டில் எழுதிய வாடகையும் கையில் கொடுத்த காசும் வேறுவேறாக இருந்த அக்காலம், நேர்மையும் தேவையும் மோதும் கதைகளுக்கு உரிய காலம். வீடு முதலாளியின் கொடுமை என்னும் ஒற்றைச் சொல்லால் அக்காலத்தைச் சுருக்கிவிடுதல் வரலாற்றுக்கும் இழப்பு, இலக்கியத்திற்கும் இழப்பு.

பேரத்தின் உள்ளியக்கம்

வாடகைப் பேரத்தை எழுதப் புகும் ஆசிரியன் அதன் உள்ளியக்கத்தை அறிந்திருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, கிள்ளான் வட்டாரத்தில் ஒரு வரிசை வீடு. கேட்கும் வாடகை மாதம் 1,200 வெள்ளி எனக் கொள்க. குடிவர விரும்புவோன் 1,100 வெள்ளியாகக் குறைக்க வேண்டுகிறான். இரண்டு ஆண்டு இருப்பதாகச் சொல்கிறான். வீட்டுக்காரருக்கு இதனால் ஏற்படும் இழப்பு 24 மாதங்களில் 2,400 வெள்ளி. அவர் மறுத்து, முழு வாடகைக்கு ஆள் தேடி இரண்டு மாதம் வீட்டைப் பூட்டி வைத்தாலும் இழப்பு அதே 2,400 வெள்ளிதான். மூன்றாம் மாதமும் பூட்டியிருந்தால், விட்டுக்கொடுத்திருப்பதைவிட மிகுதியாக இழந்துவிடுகிறார். பூட்டிய வீட்டிற்கும் வங்கித் தவணை உண்டு. மதிப்பீட்டு வரி உண்டு. முற்றத்தில் முழங்கால் உயரம் புல்லும் வளரும்.

இக்கணக்கு இருவர் மனத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. எவரும் அதனை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமல் ஓடும் அக்கணக்கே உரையாடலின் அடியோட்டம். அதனை அறிந்த ஆசிரியன், "பக்கத்து வீடு எத்தனை மாசமாப் பூட்டிக் கெடக்குது?" என்று குடிவருவோன் கேட்கும் ஒரு கேள்வியிலேயே முழுப் பேரத்தையும் நடத்திக் காட்டிவிடுவான்.

இரண்டாவதாக, மாத வாடகை மட்டுமே சுமையன்று. இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, நீர் மின்சாரத்திற்கென அரை மாத வாடகை, முதல் மாத முன்பணம் என மூன்றரை மாதத் தொகையை ஒரே நாளில் எண்ணி வைப்பது மலேசியாவில் பெருவழக்கு. 1,200 வெள்ளி வாடகைக்கு அது 4,200 வெள்ளியாகிறது. மாதம் 1,200 கொடுக்க இயன்ற பலரால் ஒரே நாளில் 4,200 கொடுக்க இயலாது. தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் வாடகைக்காக அன்று, இந்த நுழைவுத் தொகைக்காகவே. எனவே அறிவுள்ள குடும்பத்தலைவன் வாடகையைக் குறைக்கச் சொல்வதற்கு முன், வைப்புத்தொகையை இரண்டு தவணையாகத் தர இசைவு கேட்பான். இந்த நுட்பம் கதைகளில் அரிதாகவே காணப்படுகிறது.

மூன்றாவதாக, பேரம் பேசுபவன் வெறுங்கையுடன் வருவதில்லை. ஒன்றாம் நாள் தவறாமல் வாடகை கொடுப்பான் என்பதற்குப் பழைய வீட்டு வாடகைச் சீட்டுகளைக் கொண்டு வருகிறான். சுவருக்குத் தானே வண்ணம் பூசிக்கொள்வதாகச் சொல்கிறான். கூரைத் தட்டியில் காய்ந்திருக்கும் நீர்க்கறையைச் சுட்டி, மழைநாளில் அது எப்படியிருக்கும் என்று கேட்கிறான். இவையெல்லாம் அவன் வைக்கும் ஈடுகள். ‘இன்னது தருகிறேன், இன்னது குறைத்துக்கொள்ளுங்கள்’ என்னும் பேச்சில் கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. அங்கே இருவரும் ஒரே உயரத்தில் நிற்கின்றனர்.

நான்காவதாக, இப்பேரத்தில் பெண்ணின் பங்கு பெரிது. கதைகளில் கணவன் பேசுகிறான். மனைவி முந்தானையைப் பற்றியவாறு பின்னே நிற்கிறாள். வாழ்க்கையில் நிகழ்வது வேறு. அவள் நேரே அடுக்களைக்குச் சென்று குழாயைத் திறந்து பார்க்கிறாள். துணி உலர்த்த இடம் தேடுகிறாள். கழிவறைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறாள். திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் நிற்கிறாள். அந்த மௌனத்தைக் கண்டு வீட்டுக்காரர் தாமாகவே ஐம்பது வெள்ளி குறைப்பதுண்டு. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில், நீர்ப் பஞ்சம் சூழ்ந்த சென்னையில் ஜமுனா, சாயா என்னும் சகோதரியரின் வாழ்வு குடிநீரைச் சுற்றியே சுழல்கிறது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ திரைப்படத்தில் (1988), குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நெருக்கடியை எதிர்கொள்பவள் வேலைக்குச் செல்லும் ஓர் இளம்பெண். வீடு என்பதைப் பெண்ணின் கண்வழி நோக்கியமையால் அவ்விரு படைப்புகளும் ஆழம் பெற்றன. இந்நாட்டு எழுத்தாளர்க்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

வீட்டுக்காரரின் முகமும் மாற வேண்டும். வீடு விடுவோர் அனைவரும் பத்து வீட்டுக்கு உடைமையாளர் அல்லர். கணவனை இழந்த மூதாட்டி ஒருத்திக்கு அந்த ஒரு வீட்டு வாடகையே மாதச் சோறாக இருக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மகனின் படிப்புக்காகத் தம் வீட்டை விட்டுவிட்டுத் தம்பி வீட்டில் ஓர் அறையில் ஒதுங்கியிருக்கலாம். முன்பு குடியிருந்தோர் ஆறு மாத வாடகையும் மின்கட்டணமும் பாக்கி வைத்துவிட்டு இரவோடிரவாகப் போன கசப்பு அவர் நெஞ்சில் இருக்கலாம். அவர் ‘முடியாது’ என்று சொல்லும்போது அச்சொல்லுக்குள் ஆசை மட்டுமன்றி அச்சமும் இருக்கிறது. அந்த அச்சத்தைக் காட்டாத கதை பாதிக் கதையே.

திறவாத கதவு

பேரம் பேசுவதற்கு இருவர் தேவை. கதவு திறந்திருக்கவும் வேண்டும். தொலைபேசியில் பெயரைக் கேட்டவுடனே, ‘வீடு போய்விட்டது’ என்று சொல்லி வைத்துவிடும் நிலை இன்றும் மறையவில்லை. ‘இந்தியர்க்கு இல்லை’ என்று வெளிப்படையாகவே அறிவித்த வாடகை விளம்பரங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொதுவில் கண்டனத்திற்கு உள்ளாயின. வீட்டில் மசாலா வாடை தங்கிவிடும், சாமி படத்திற்கு முன் புகை போடுவார்கள் என்பன போன்ற காரணங்கள் கூறப்படுகின்றன. இங்கே நூறு வெள்ளி குறைப்பதைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் கதவு திறப்பதில்லை. காசால் தீராத இழிவு இது. இதனை எழுதுவது எழுத்தாளனின் உரிமையும் கடமையும் ஆகும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்விழிவைச் செய்வோர் பிற இனத்தார் மட்டுமே என்று எழுதிவிடுதல் எளிது. அது முழு உண்மை ஆகாது. தமிழ் வீட்டுக்காரரே தமிழர்க்கு வீடு விடத் தயங்குவதுண்டு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் என்றால் வாயிலிலேயே மறுப்பதுண்டு. ஊர் எது என்று கேட்பது போலத் தொடங்கிச் சாதியை அறிய முயல்வோரும் உண்டு. பிறர் தன்னை ஒதுக்கும்போது எரியும் நெஞ்சம், தான் பிறரை ஒதுக்கும்போது ஏன் எரிவதில்லை? இக்கேள்வியைக் கேட்கும் துணிவு ஒரு கதையாசிரியனுக்கு இருக்குமாயின், அவன் எழுதும் கதை ஓரினத்தின் முறையீடாக மட்டும் நின்றுவிடாது; மாந்தனின் கதையாக உயரும்.

எழுத்தாளர் கடன்

சிறுகதை கணக்கேடு அன்று. வைப்புத்தொகையும் தவணையும் இலக்கியம் ஆகுமா என்று சிலர் வினவக்கூடும். தொகையைச் சொல்வதனால் மட்டும் கதை இலக்கியமாகிவிடாது என்பது உண்மையே. ஆயின் தொகையை அறியாமல் எழுதும் கண்ணீர் பொதுக் கண்ணீராகிவிடுகிறது. ‘வாடகை மிகுதி’ என்று எழுதினால் வாசகன் தலையசைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறான். ஐம்பது வெள்ளி குறைந்தால் மகளைத் தமிழ்ப்பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பலாம், குறையாவிட்டால் அவள் நெடுஞ்சாலை ஓரம் நடந்தே போக வேண்டும் என்று எழுதினால், அந்த ஐம்பது வெள்ளிக்காக வாசகனும் வாயிலில் நின்று மூச்சடக்கிக் காத்திருப்பான். உணர்ச்சி எண்ணிலிருந்து பிறக்கும் இடம் அது.

லயத்து அறையைப் பெற்றுக்கொண்ட பாட்டனுக்குப் பேசும் வாய்ப்பு இல்லை. பட்டணத்து வாயிலில் நின்ற மகனுக்குப் பேசும் மொழி இல்லை. வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, இந்த விதியை மாற்றுங்கள் என்று சொல்லும் பேத்திக்கு இரண்டும் வாய்த்திருக்கின்றன. இந்த மூன்று தலைமுறைப் பயணமே இந்நாட்டுத் தமிழரின் சமூக வரலாறு. அப்பயணத்தில் தமிழன் எங்கே கெஞ்சினான், எங்கே பேசத் தொடங்கினான், எந்தக் கதவின் முன் அவன் பேச்சு பயனற்றுப் போயிற்று என்பதைப் பதிவுசெய்ய வேண்டியவர் எழுத்தாளர்.

சாய்வு நாற்காலியும் தடித்த சங்கிலியும் நெடுநாள் உழைத்துவிட்டன. அவற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம். வெற்று வீட்டின் நடுவே இருவரை நிற்கவைத்து, அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு, அவர்களைப் பேசவிடுக. அப்பேச்சின் முடிவில் வாடகை குறையலாம், குறையாமலும் போகலாம். இருவரும் ஒருவரை ஒருவர் மாந்தராக மதித்துப் பேசினர் என்பதைக் கதை காட்டுமாயின், தமிழ்ச் சிறுகதை தனக்கென ஒரு புதிய வீட்டைத் தேடிக்கொண்டது எனலாம்.